மகன் உயரத்தைக் கேட்டீர்கள், நான் மகளிடமிருந்து தொடங்குகிறேன்

தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீளமாக எழுதியிருக்கிறார். விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். இருட்டும்போதுதான் வீடு திரும்புகிறார். கணவர் குமுளியில் சுமை ஏற்றும் வேலையில் இருக்கிறார். வீட்டில் மாமியார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பதினாலரை வயது மகன், எட்டாம் வகுப்பு படிக்கும் 13 வயது மகள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் வகுப்பிலேயே குள்ளம். கூட்டாளிகள் கேலி செய்வதால் சில நாள் பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறான். பள்ளியில் அளந்தபோது போன ஆண்டு 148 சென்டிமீட்டர், இந்த ஆண்டு 153. குரல் இன்னும் உடையவில்லை, கீழே மட்டும் லேசாக முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. குமுளியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் ஒருவர், ஒரு பவுடரை மூன்று மாதம் குடித்தால் நான்கு அங்குலம் வளருவான் என்று சொல்லியிருக்கிறார். ஒரு டப்பா 1,800 ரூபாய். ஒரு டப்பா வாங்கிக் குடித்தும் ஆகிவிட்டது. அடுத்தது வாங்கலாமா, இல்லை வளர்ச்சி ஊசி போடலாமா என்பதுதான் அவருடைய முக்கியக் கேள்வி. தனக்கு 152, கணவருக்கு 168 சென்டிமீட்டர் என்று மறக்காமல் எழுதியிருக்கிறார். கணவரும் பத்தாம் வகுப்பு வரை குட்டையாக இருந்து அப்புறம்தான் வளர்ந்தாராம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், மகளைப் பற்றிப் பத்து வரி. தை மாதம் வயதுக்கு வந்தாள். அடுத்தது 45 நாள் கழித்து வந்தது, பிறகு இரண்டு மாதம் வரவேயில்லை, போன மாதம் ஒன்பது நாள் நிற்காமல் போனது. பள்ளி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படிப்பில் மந்தமாகிவிட்டாள். பல்பமும் பச்சரிசியும் வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறாள், வயிற்றில் பூச்சி என்கிறார் பாட்டி. பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரை குமட்டுகிறது, கருப்பாக வெளிக்குப் போகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறாள். வயதுக்கு வந்த புதிதில் பதினாறு நாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க வைத்ததில் முட்டை வாசனையே ஆகாமல் போய்விட்டது. சத்துணவு முட்டையைத் தோழிக்குக் கொடுத்துவிடுகிறாள். அப்புறம் ஒரு வரி: “போன வருஷம் பள்ளிக்கூட முகாமில் ரத்தம் 9.4 என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.” இப்போது அவள் உயரம் 149. இனி வளர மாட்டாளா, கபடிக்கு அனுப்பலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு பக்கத்தில் ஐந்து பக்கம் மகனுக்குப் போயிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. உயரக் குறைவு கண்ணுக்குத் தெரியும், ரத்தக் குறைவு தெரியாது. ஆனால் ஒரு மருத்துவராக எனக்குக் கவலை தருவது அந்தப் பத்து வரிதான். மகன் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறான். மகளை இந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்த 9.4

12 முதல் 14 வயது வரை, ஆணோ பெண்ணோ, ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-லிருந்து 11-க்குள் இருந்தால் நடுத்தர ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமை. உங்கள் மகளுக்கு 9.4 இருந்தது மாதவிடாய் தொடங்குவதற்கு முன்பு. அதற்குப் பிறகு வைத்தியம் எதுவும் இல்லை, மாத்திரை குப்பைக்குப் போயிருக்கிறது, முட்டை தோழிக்குப் போயிருக்கிறது, போன மாதம் ஒன்பது நாள் ரத்தம் போயிருக்கிறது. இன்றைக்கு அளந்தால் 9.4-ஐவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீங்கள் தனித்தனியாக எழுதியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். மாடிப்படியில் மூச்சு வாங்குவது, வகுப்பில் கவனம் நிற்காதது, பல்பமும் பச்சரிசியும் தின்பது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். மண், சாம்பல், பல்பம், பச்சரிசி என்று உணவல்லாததையும் சமைக்காததையும் தேடித் தின்பது இரும்புச்சத்துக் குறைவில் அடிக்கடி பார்க்கிற விஷயம். திட்டினால் நிற்காது, இரும்பு ஏறினால் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். “வயசுக்கு வந்ததும் மனசு படிப்பில் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். மூளைக்குப் போகிற ஆக்சிஜனைச் சுமப்பதே ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின்தான். அது குறைந்த பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும். மனசைப் பற்றி ரத்தம் ஏறிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

பாட்டி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், மென்று தின்ன வேண்டியது. அதை அவள் தின்றாளா, அதையும் தூக்கிப் போட்டாளா என்று கேளுங்கள். தோட்டத்துக்கோ கொல்லைக்கோ போகும்போது செருப்புப் போடச் சொல்லுங்கள்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது, அதே வயது ஆண்களில் 31 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாதவிடாய் ஒரு காரணம். தட்டில் விழுகிற சோறும் குழம்பும் இன்னொரு காரணம்.

அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். காலையில் அடுப்பு மகள் பொறுப்பு. அண்ணனுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, அவள் பால் ஊற்றாத ஒரு கட்டஞ்சாயாவும் இரண்டு ரஸ்க்கும் தின்றுவிட்டு ஓடுகிறாள். பவுடர் அண்ணனுக்கு, பால் அண்ணனுக்கு, “வளர்ற பையன்” என்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளைக்கு 45 கிராம் புரதம் வேண்டும், பெண்ணுக்கு 43. இரண்டு கிராம்தான் வித்தியாசம். கால்சியம் இருவருக்கும் 1,000 மில்லிகிராம். இரும்புச்சத்து பையனுக்கு 22 மில்லிகிராம், பெண்ணுக்கு 30. மகனுக்கு வேண்டியதைவிட அதிகம். பையனுக்குக் குறிப்பிடும்படி கூடுதலாக வேண்டியது ஆற்றல்தான். சோறு அவனுக்கு ஒரு கரண்டி அதிகம் போடலாம், அது நியாயம். முட்டை, மீன், பால், பருப்பில் ஓரவஞ்சனை வைக்க மருத்துவத்தில் காரணமே இல்லை.

என்ன செய்வது

கம்பம் அரசு மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையில் கூட்டிப்போங்கள். முழு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் எண் மட்டும் போதாது. அணுக்களின் அளவையும் பார்த்தால்தான் இது இரும்புக் குறைவா, தலசீமியா வகைப் பரம்பரைச் சிக்கலா என்று ஓரளவு பிரித்தறிய முடியும். அந்த ஒன்பது நாள் ரத்தப்போக்கைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ, கால் வீங்கினாலோ, நாள் பார்க்காமல் அன்றைக்கே தேனி பக்கம் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அது ரத்தசோகை வராமல் காப்பதற்கு. வந்துவிட்டவளுக்கு வாரம் ஒன்று போதாது. மருத்துவர் தினமும் போடச் சொல்வார், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு. எண் 12-ஐத் தொட்டவுடன் நிறுத்திவிட்டால் பழைய கதைதான், ஏனென்றால் உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் நாளாகும். எப்போது நிறுத்துவது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சரியாகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை வயிற்றுக்குப் போகவில்லை, அல்லது காரணம் வேறு. இரண்டில் எது என்று அப்போது தேட வேண்டும்.

கருப்பாக வெளிக்குப் போவது மாத்திரையில் உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு. ஆபத்து இல்லை, சூடும் இல்லை. குமட்டலுக்கு வழி இருக்கிறது: வெறும் வயிற்றில் வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போடட்டும். எலுமிச்சைச் சாறோ, ஒரு நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். பாலோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடு வேண்டாம், டீயோடு வேண்டவே வேண்டாம். அப்படியும் குமட்டினால் மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரையோ டானிக்கோ மாற்றிக் கொடுப்பார். தூக்கிப் போடுவதுதான் ஒரே வழி என்றில்லை.

டீயைப் பற்றி நம் பக்கத்தில் எழுதுவது வம்பு. மலையேறினால் இரண்டு பக்கமும் தேயிலைதான். ஆனாலும் சொல்ல வேண்டும். கீரை, பருப்பு, கேழ்வரகு என்று செடியிலிருந்து வரும் இரும்பை, சாப்பாட்டோடு குடிக்கும் டீ பாதிக்கு மேல் உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். காப்பியும் அப்படித்தான், கொஞ்சம் குறைவாக. குடிக்கக் கூடாது என்பதில்லை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். காலையில் சாயாவும் ரஸ்க்கும் மட்டுமே சாப்பாடு என்பது இன்றோடு நிற்க வேண்டும்.

பீட்ரூட், மாதுளை கொடுத்து ரத்தம் ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறம் சிவப்பு, அவ்வளவுதான். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. மாதுளைக்குச் செலவழிக்கிற காசில் மத்தி மீன் வாங்குங்கள், சாளை என்றும் சொல்வார்களே, அதுதான். மீன், கறி, ஈரலில் இருக்கிற இரும்பு கீரை இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். கூட இருக்கிற கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கப்பக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெறும் மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. ஆனால் கப்பையும் மத்திக் குழம்பும் சேர்ந்தால் நல்ல சாப்பாடு. மலையாளிகள் அந்த ஜோடியைச் சும்மா பிடிக்கவில்லை.

மாதவிடாயின் கணக்கு

45 நாள், அப்புறம் இரண்டு மாத இடைவெளி என்றதும் கட்டியாக இருக்குமோ என்று பயந்திருக்கிறீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பல சுழற்சிகளில் கருமுட்டை வெளிவருவதே இல்லை, அதனால் நாள் தவறித்தான் வரும். 21 முதல் 45 நாள் வரை இந்த வயதில் சாதாரணம். எப்போதாவது ஒருமுறை தள்ளிப்போவதும் நடக்கும். 90 நாளைத் தாண்டினால் காட்டுங்கள். இடைவெளியை நினைத்துப் பதற வேண்டாம்.

எனக்கு உறுத்துவது அந்த ஒன்பது நாள். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, ரத்தம் பெரிய கட்டிகளாக விழுவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வயதின் காரணமாகத்தான் இருக்கும். சிலருக்குத் தைராய்டு, இன்னும் சிலருக்கு ரத்தம் உறைவதில் பிறவிக் குறை. மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது நிற்காமல் போனதா, உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ பிரசவத்தில் அதிகம் போனதா என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், கேட்பார்கள். மருந்துக் கடையில் சொல்லி ஹார்மோன் மாத்திரை வாங்கிக் கொடுத்து நிறுத்த வேண்டாம்.

ஒரு பழைய நோட்டில் வந்த நாள், நின்ற நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். ஊர்ப்புறத்து வளரிளம் பெண்களுக்கு பேட் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. பள்ளியில் கிடைக்கவில்லை என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். கேட்டு வாங்குவது உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாமியாரின் வைத்தியம்

உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய் மூன்றும் அருமையான சாப்பாடு. உளுந்தில் புரதம், எண்ணெயில் ஆற்றல். அதை நிறுத்தாதீர்கள். சடங்கு முடிந்ததோடு விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். வாரம் இரண்டு நாள் வளர்ந்து முடிக்கும் வரை செய்யலாம், அண்ணனுக்கும் சேர்த்து.

பச்சை முட்டை வேண்டாம். சால்மோனெல்லா கிருமிக்கு அது வாசல். அதோடு, வேகாத முட்டையின் புரதத்தில் பாதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும், வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு. முட்டையே ஆகாது என்று இப்போது ஒதுக்குகிறவளை அதட்ட வேண்டாம். வெங்காயம் மிளகு போட்ட பொடிமாஸாக, முட்டைக் குழம்பாக, தோசைமேல் ஊற்றி என்று வாசனையை மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். சத்துணவில் பள்ளி நாட்களில் தினமும் ஒரு முட்டை பத்தாம் வகுப்பு வரை அவளுக்கு உண்டு. அது வீணாகப் போகிறது.

அந்த நாட்களில் மீன், தயிர், பப்பாளி கூடாது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ரத்தம் போகிற நாளில் மீனை நிறுத்துவது, செலவாகிற நேரத்தில் வரவை நிறுத்துவது. பழுத்த பப்பாளியில் வைட்டமின் சி நிறைய, இரும்புக்குத் துணை. பின்திண்ணையில் தனியாகப் படுக்க வைப்பதைப் பற்றி உங்கள் மாமியாரிடம் நான் வாதம் செய்யப் போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் அவளுக்கு வருகிற தட்டில் ரசமும் சோறும் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுவது உங்கள் கையில்.

மச்சான் வீட்டில் இப்போதே சம்பந்தம் பேசுகிறார்கள் என்று ஒரு ஓரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பதினெட்டு முடியாமல் கல்யாணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நடத்தி வைக்கிறவர்களும் மாட்டுவார்கள். உறவு முறியாமல் மறுக்க வேண்டுமென்றால் மருத்துவர் மேல் பழியைப் போடுங்கள்: “ரத்தமே இல்லை, டாக்டர் திட்டுகிறார்.” நெருக்கடி வந்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் பேசலாம், அவளேகூட.

இப்போது மகன்

பெண்கள் வளர்ச்சியின் உச்ச வேகத்தைத் தொடுவது பதினொன்றரை, பன்னிரண்டு வயதில். பையன்களுக்கு அது இரண்டு ஆண்டு பின்னால், சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கில். சிலருக்கு அதற்கும் பிறகு. எட்டாம் வகுப்பில் தங்கை அண்ணனை எட்டிப்பிடிப்பது அதனால்தான். உங்கள் மகன் ஓராண்டில் 5 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். இது வேகம் பிடிப்பதற்கு முந்தைய ஓட்டம். முடி முளைக்கத் தொடங்கியிருப்பதால் பருவம் தொடங்கிவிட்டதாகவே தெரிகிறது. வேகம் பிடிக்கும்போது ஆண்டுக்கு 9, 10 சென்டிமீட்டர்கூடப் போகும். குரல் உடைவது அதை ஒட்டி வரும். அவன் அப்பாவும் தாமதமாக வளர்ந்தவர் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பெரிய ஆறுதல். இந்தத் தாமதம் குடும்பத்தில் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. அப்பா 168, அம்மா 152. பையனென்றால் இரண்டையும் கூட்டி 13 சேர்த்துப் பாதியாக்க வேண்டும்: 166.5. இதற்கு மேலும் கீழும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரலாம். பெண்ணென்றால் 13-ஐக் கழித்துப் பாதி: 153.5. அவள் இப்போது 149. வயதுக்கு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும் என்பது தவறு. அதற்குப் பிறகும் பெண்கள் சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்கிறார்கள், உங்கள் மகளுக்கு அதில் சில சென்டிமீட்டர் இன்னும் பாக்கி இருக்கும். எலும்பின் அடர்த்தி அதற்கும் பிறகு கூடும். இவர்கள் இருவருக்கும் எலும்புச் சேமிப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருபது வயதுக்குள் முடிந்துவிடும்.

ஆகவே வளர்ச்சி ஊசி இவனுக்கு வேண்டாம் என்பதே இப்போதைக்கு என் கருத்து. அந்த ஹார்மோன் உண்மையிலேயே சுரக்காத குழந்தைகளுக்கும், குறிப்பிட்ட சில நோய்களுக்கும் மட்டுமே அது. ஆண்டுக்கணக்கில் போட வேண்டும், செலவும் பெரிது. மகளைக் கூட்டிப்போகும் அதே நாளில் இவனையும் காட்டுங்கள். மருத்துவர் விரைகளின் அளவைப் பார்ப்பார், பையன்களுக்கு முதலில் வளர்வது அதுதான். 14 வயதாகியும் அது வளரத் தொடங்கவில்லை என்றால் சோதனை தேவை. சந்தேகம் இருந்தால் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். பதினாலரை வயதுப் பையனுக்கு எலும்பு வயது பன்னிரண்டரை என்று வந்தால் அது நல்ல செய்தி, வளர இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், அதே சுவரில், அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். தினமும் அளந்தால் அவனுக்கும் நிம்மதி போகும், உங்களுக்கும்.

பள்ளிக்குப் போக மறுப்பதை நான் உயரப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. அவன் அப்பாவின் பத்தாம் வகுப்புப் போட்டோ இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அப்பாவே காட்டட்டும். கேலி எல்லை மீறினால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை.

அந்த டப்பா

மூன்று மாதத்தில் நான்கு அங்குலம் என்றால் பத்து சென்டிமீட்டர். எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பவுடராலும் அது நடக்காது. நல்ல தரமான புரதப் பவுடரில்கூட உள்ளே இருப்பது புரதம்தான், உயரம் அதில் இல்லை. லேபிளில் முழு விவரம் இல்லாத டப்பாவில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆண்மை ஹார்மோன் வகை ஸ்டீராய்டு முதலில் விறுவிறுவென்று வளர்ப்பதுபோல் காட்டும், ஆனால் எலும்பின் வளரும் முனையைச் சீக்கிரமே மூடிவிடும். கடைசியில் வளர வேண்டிய உயரத்தைவிடக் குறைவில் நின்றுவிடுவான். ஒரு டப்பா குடித்துவிட்டானே என்று பயப்பட வேண்டாம். மீதி இருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். திடீரென்று முகப்பரு அதிகமாகியிருந்தாலோ, மார்பு வீங்கியிருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

1,800 ரூபாய்க்கு, முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும், 250 முட்டைக்கு மேல் வரும். இரண்டு பிள்ளைகளுக்கும் நாளுக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். 45 கிராம் புரதம் என்பது மலைப்பாகத் தெரியும், உண்மையில் அப்படியில்லை. மூன்று வேளைக்கு 300 கிராம் அரிசியில் இருபது கிராமுக்கு மேல் தேறும். ஒரு முட்டையில் 6. ஒரு டம்ளர் பாலில் 6. ஐம்பது கிராம் பருப்பிலோ சுண்டலிலோ 10. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. எண்ணிப் பாருங்கள், தாண்டிவிட்டது. கால்சியத்துக்குக் கேழ்வரகு: 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல். கூழோ, ரொட்டியோ, மகனுக்கும் மகளுக்கும் தினமும் ஒரு வேளை.

ஐந்து மணிக்கு ஜீப் வரும் வீட்டில்

காலையில் நின்று சமைத்துப் போடுங்கள் என்று உங்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. அரசின் காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே ராத்திரியே முடிகிற வேலைகள்தான் உதவும். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு தயார், மோர் ஊற்றி, கூடவே ராத்திரி அவித்த சுண்டலோ நிலக்கடலையோ. கேழ்வரகுக் கூழ் ஒரு நாள் காய்ச்சினால் மறுநாளும் ஆகும். கடலை உருண்டை ஒரு டப்பாவில் இருக்கட்டும், பத்து மணி இடைவேளைக்கு. முருங்கை இலையை ஞாயிற்றுக்கிழமை உருவி வைத்துக்கொண்டால் அடை, கூட்டு, பருப்பு என்று வாரத்தில் மூன்று நாள் போடலாம், எலுமிச்சை பிழிந்து. ரேஷனில் வாங்கும் துவரம்பருப்பைச் சாம்பாரில் கரைத்துத் தண்ணியாக்காமல், கெட்டியாக ஒரு கரண்டி தட்டில் விழச் செய்யுங்கள்.

இன்னொன்று, இது சமையல் சம்பந்தப்பட்டதில்லை. காலையில் டிபன் கட்டும் வேலையை ஒரு வாரம் மகள், ஒரு வாரம் மகன் என்று மாற்றுங்கள். பதினாலரை வயதுக்கு முட்டை அவிக்கத் தெரிந்தால் கெட்டுப் போக மாட்டான். மகள் உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடம் கிடைக்கும். அந்த இருபது நிமிடத்தை எந்த மாத்திரையாலும் நான் எழுதிக் கொடுக்க முடியாது.

கபடிக்கு வருகிறேன். வயதுக்கு வந்துவிட்டாள் என்பது விளையாட்டை நிறுத்தக் காரணமே அல்ல. ஓடி, குதித்து, விழுந்து எழுகிற எலும்புதான் கெட்டிப்படும். ஆனால் இப்போது வேண்டாம். படியேறினாலே மூச்சு வாங்குகிறவளைக் களத்தில் இறக்கக் கூடாது. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டு, மறுபடி ரத்தம் பார்த்து, 11-ஐத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டி, ரத்தப்போக்கும் ஏழு நாளுக்குள் நின்றுவிட்டால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அனுப்பலாம். பயிற்சி ஆசிரியரிடம் முதல் இரண்டு வாரம் பாதி நேரம் போதும் என்று சொல்லிவிடுங்கள். மாமியார் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.